பூட்ஸோடு முடிகிற புத்தகம்

அண்ணே,

நேற்று மாலை மதினி வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பையிலிருந்து எடுக்கும்போதே அந்துருண்டை வாசனை அடித்தது. உங்கள் கறுப்பு டிரங்குப் பெட்டியின் வாசனை. மூடியில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் நம்பரும் எழுதிய பெட்டி அது. நாம் தேடிப்போன பழைய ராணுவக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் அப்படி ஒன்று கிடந்தது. நான் எழுதிய புத்தகத்தை நீங்கள் அதற்குள் வைத்திருந்தீர்கள் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. நீங்கள் இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவளுக்குத் தன் கடிதத்தை நேரத்தில் போடத் தெரியவில்லை பாருங்கள்.

அந்தக் கவுன்டரில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண்கள் ராணுவத்தில் இருக்கும் புருஷனுக்கும் மகனுக்கும் எழுதிய உறைகளில் ஊர்ப்பெயர் இருக்காது. வெறும் எண்தான். இந்த ஆள் எந்த மலையில் நிற்கிறான், எந்தப் பனியில் படுத்திருக்கிறான் என்று முத்திரை குத்தும்போதெல்லாம் தோன்றும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நூலகத்தில் போர் வரலாற்றுப் புத்தகங்களாக எடுத்துப் படித்தேன். ஒருநாள் நான் கேட்ட புத்தகத்தை வேறொருவர் எடுத்துப்போய் மூன்று வாரமாகத் திருப்பவில்லை என்றார்கள். மறுநாள் அதைக் கொண்டுவந்து நூலக மேசையில் தொப்பென்று வைத்த ஆள் நீங்கள்.

"இந்தாம்மா, நீயும் படி. ஜெனரலுக்குச் சளி புடிச்சதக்கூட எழுதிருக்கான். அம்புட்டுப் பேருக்கும் மலை மேல சோறு எப்படிப் போச்சுன்னு ஒரு வரி இல்ல" என்றீர்கள். பதினேழு வருடம் மலைச்சாலையில் அந்தச் சோற்றையும் மண்ணெண்ணெயையும் லாரியில் ஏற்றிப்போனவர் நீங்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வந்த பின்னும் ஸ்டியரிங் உங்களை விடவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி. முதுகு ஒத்துழைக்காமல் போனதும் ஒரு பழைய ஆம்னி வண்டி.

அந்த வண்டியில்தான் நாம் ஊர் ஊராகப் போனோம். சிப்பாய்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதும், பெட்ரோல் மட்டும் நீ போடு என்று கிளம்பிவிட்டீர்கள். முதல் மூன்று வீடுகளில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் நோட்டை விரித்துக்கொண்டு, "சண்டையில என்ன நடந்துச்சு?" என்று கேட்பேன். அவர்கள் விறைப்பாக உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாதிரி எதையோ சொல்வார்கள். திரும்பி வரும்போது நீங்கள் சிரித்தீர்கள்.

"சண்டையப் பத்தி எவன் சொல்லுவான்? பூட்ஸு காலுக்குச் சேந்துச்சான்னு கேளு தங்கச்சி. அப்புறம் பாரு."

அடுத்துப் போன வீட்டில், அந்த ஆத்தூர்க்காரரிடம் அதைத்தான் கேட்டேன். அதுவரை ஆமாம், இல்லை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த மனிதர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "ரெண்டு சைஸு பெருசும்மா. முன்னாடி எதையாச்சும் திணிக்கணும். பேப்பரெல்லாம் அங்க ஏது? வீட்டுக்காரி போட்ட கடுதாசிதான். படிச்சு முடிச்சு மடிச்சு உள்ள வச்சுக்கிருவேன். ஒரு மழைக்காலம் பூராம் அது மேலதான் நடந்தேன்" என்றார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கையில் முறம் அப்படியே நின்றது. அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். நான் எழுதவில்லை, அழுதுகொண்டிருந்தேன். நீங்கள்தான் என் கையிலிருந்து நோட்டை வாங்கி, உங்கள் கோழிக்கிறுக்கல் எழுத்தில் அதைக் குறித்தீர்கள்.

அன்று திரும்பும்போது அணைக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினீர்கள். இன்ஜின் சூடாகிவிட்டது, செத்த நேரம் ஆறட்டும் என்றீர்கள். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே, பட்டாளத்தில் உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லி முடித்தீர்கள். மதினிக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது என்றீர்கள். பிறகு, "இது ஒனக்குச் சொன்னது. ஒன் பொஸ்தகத்துக்கு இல்ல" என்றீர்கள்.

"சரிண்ணே" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்.

புத்தகம் எழுதி முடித்தபோது கடைசி அத்தியாயம் சப்பென்று இருந்தது. பதிப்பாளரும் அதையே சொன்னார். ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். பிறகு அணைக்கரையில் நீங்கள் சொன்னதை எடுத்து எழுதினேன். பெயர் போடவில்லை, ஊரை மாற்றினேன், லாரியைக்கூட ஜீப்பாக்கினேன். பெயரில்லாமல் எழுதினால் வாக்கு மீறியதாகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் மனசு நல்ல வக்கீலாகிவிடுகிறது, அண்ணே. என் புத்தகம் நன்றாக இருக்க வேண்டும் என்கிற ஆசை, அதைத் தவிர வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை.

வெளியீட்டு விழாவுக்கு நீங்கள்தான் என்னை வண்டியில் கூட்டிப்போனீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. சிறப்புரை ஆற்ற வந்தவர், இந்தப் புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எதிரெதிராக இருக்கும் அந்த இரண்டு பக்கங்களையும் மைக்கில் வாசித்தார். நான் மேடையில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தலையைக் குனியவில்லை, எழுந்து போகவும் இல்லை. எல்லோரும் கைதட்டியபோது நீங்களும் தட்டினீர்கள். அந்தக் கையை நான் இன்னும் பார்க்கிறேன்.

விழா முடிந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மாலைகளை எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். "பூட்ஸு வெசயத்தோட நிறுத்திருக்கலாம் தங்கச்சி" என்றீர்கள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நான் போன் செய்தால் வண்டி சரியில்லை என்பீர்கள். இரண்டு வருடமாக ஒரு வண்டி சரியில்லாமல் இருக்குமா? உங்கள் தெருமுனைவரை இரண்டு முறை வந்து திரும்பிப் போயிருக்கிறேன். ஒருமுறை பூ மார்க்கெட்டில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். "சாப்டியா?" என்றீர்கள். "சாப்ட்டேன்ணே" என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்துச் சேர்த்துவைத்த வார்த்தைகளைச் சொல்லாமல், பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. பிறகு உங்களைப் பார்த்தது சவப்பெட்டிக்குள். கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றேன், பக்கத்தில் வர எனக்குத் தைரியமில்லை.

நேற்று மதினி தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். "ஒங்களுக்குக் குடுக்கணும்னு அவரு ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. பெட்டிய ஒழிச்சேன், இது கெடந்துச்சு. எழுதுனவுகட்டயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றார். புத்தகம் நைந்து போயிருந்தது. முனையெல்லாம் மடிந்து, அட்டையில் டீக் கறை. பட்டாளத்துக்குப் போக ஓடிப் பழகும் பையன்களுக்கெல்லாம் படிக்கக் கொடுப்பீர்களாம். எந் தங்கச்சி எழுதினது, கிழிக்காமக் கொண்டாங்கடா என்பீர்களாம். தங்கச்சி என்ற அந்த வார்த்தையை மதினியை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நான் தங்கச்சி இல்லாமல் போய்விட்டேன் என்றல்லவா இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

பிறகு பக்கங்களைப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தில் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மைதாப் பசை. ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், டியூபில் பஞ்சர் ஒட்டுகிற கவனத்தோடு ஒட்டியிருந்தீர்கள். கிழித்துப் போட்டிருக்கலாம். புத்தகத்தையே அடுப்பில் போட்டிருக்கலாம், அது உங்கள் உரிமை. நீங்களோ என் புத்தகம் முழுவதையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை மட்டும் மூடிவைத்துக்கொண்டீர்கள்.

"அதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் மதினி.

நாற்பத்திரண்டு வருடம் உங்களோடு வாழ்ந்தவர் கேட்கிறார். என் வாய்வரை வந்தது, அண்ணே. அவருக்குத் தெரிய நியாயம் இருக்கிறது என்று அந்தப் பழைய வக்கீல் மறுபடி எழுந்து நின்றான். இந்த முறை அவனை உட்காரச் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல மதினி. அச்சுல ஏதோ கோளாறு."

மதினி என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "அவரும் இதத்தான் சொன்னாரு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாரேன் என்று கிளம்பிவிட்டார்.

அவர் தெருவைத் தாண்டிய பிறகு உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போன அன்று வராத அழுகை.

இன்று காலை பதிப்பாளரைக் கூப்பிட்டேன். இரண்டாம் பதிப்புக்கு அவர் ஒரு மாதமாக அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்றேன். "அதுக்குத்தானே மேடம் எல்லாரும் வாங்குறாங்க! அது போனா புத்தகத்துக்கு முடிவே இல்லையே" என்றார். இருக்கிறது, ஆத்தூர்க்காரரைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளை என்னால் திரும்ப வாங்க முடியாது. மைக்கில் வாசித்ததை யார் காதிலிருந்தும் எடுக்க முடியாது. அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கும்.

ஒட்டிய பக்கங்களை நான் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் அதில் இருந்ததை எழுதவில்லை, கவனித்தீர்களா? புத்தகம் இனிமேல் பூட்ஸோடு முடிகிறது. மற்றது என்னிடம் இருக்கிறது, அண்ணே. அது எனக்குச் சொன்னது.