உம்மா தைத்த இறக்கை

கீழக்கரை
12 பிப்ரவரி 1957

அன்புத் தம்பி சதக்கத்துல்லாவுக்கு,

லாத்தா நூர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் பிள்ளைகளும் ரப்புடைய கிருபையால் சுகம். கொழும்பில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உன் இருமல் விட்டதா? பனிக்காற்றில் தலையை மூடிக்கொள்ளாமல் கடைக்குப் போகாதே.

வாப்பாவின் சங்குக் கிட்டங்கியை வாடகைக்கு விட்டுவிடலாம், உள்ளே கிடக்கும் விமானத்தைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடு என்று எழுதியிருந்தாய். நான் தள்ளவில்லை. கோபப்படாமல் மேலே படி.

சென்னையில் பழைய இயந்திரங்களுக்கென்று ஒரு காட்சிச்சாலை தொடங்குகிறார்களாம். அங்கிருந்து ஓர் அதிகாரி போன வாரம் வந்தார். மச்சான் கிட்டங்கியைத் திறந்துவிட, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசம். அந்த எஞ்சின் விளக்கெண்ணெய் குடித்துத்தானே ஓடியது! இத்தனை வருடம் கழித்தும் மரச்சட்டங்களில் ஊறிக் கிடக்கிறது. அதிகாரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டார். நான் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். அப்போது நீ விவரம் தெரியாத குழந்தை.

முதல் யுத்தத்துக்கு முந்திய வருடம் அது. கொழும்பில் விமானம் ஓட்டி வேடிக்கை காட்டிய பிரான்சு துரை ஒருவர், அதைத் தோணியில் ஏற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார். இங்கே பறந்து காட்டிவிட்டு ஏர்வாடி மணலில் இறங்கும்போது காற்று புரட்டிப்போட்டு ஓர் இறக்கை கிழிந்துவிட்டது. அவருக்கும் நல்ல அடி. வாப்பா அவரை நம் வீட்டு முன்கட்டில் வைத்துப் பார்த்தார்கள். இறக்கை கழற்றப்பட்டு உள்கட்டுக்கு வந்தது. உம்மா தோணியின் பாய்த்துணியை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். துணி விறைத்து நிற்க வடிகஞ்சி பூசினார்கள். நான் நூல் கோத்துக் கொடுப்பேன். நீ இறக்கைக்கு அடியிலேயே படுத்துத் தூங்கிப்போவாய்.

துரை மறுபடி பறந்த அன்று ஊரே கடற்கரையில் திரண்டது. அத்தனை ஆண்களுக்கு நடுவே உம்மா போக முடியுமா? மச்சில் ஏறி நின்றார்கள். விமானம் நம் வீட்டுக்கு மேலே வந்து திரும்பியது. உம்மா கீழே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள, நான் போட்ட ஒட்டுத் தெரிஞ்சிச்சுடி!" என்றார்கள். உம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் யுத்தம் வந்து துரையை அழைத்துக்கொண்டது. திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போனவர் வரவே இல்லை. வாப்பா அவர் ஊருக்கு எழுதிய எதற்கும் பதில் இல்லை. விற்கச் சொன்னவர்களிடமெல்லாம், "இது அமானிதம். நம்மள நம்பி விட்டது, நம்ம பொருளில்ல" என்றுதான் சொல்வார்கள். அடுத்த யுத்தத்தில் இரும்பு தேடி ஆட்கள் வந்தபோதும், சங்கு மூட்டைகளை முன்னால் அடுக்கி மறைத்துக் காப்பாற்றினார்கள்.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்தார். "இது முதல்ல இருந்த துணி இல்லம்மா. உரிச்செடுத்துட்டு, பிரான்சுல போட்டிருந்த மாதிரியே புதுத்துணி போட்டுருவோம்" என்றார்.

"அப்படின்னா கொண்டுபோக வேணாம். இங்கனயே கிடக்கட்டும்" என்றேன். மச்சான் பதறிப்போனார். ஒரு பொருளை அது பிறந்தபோது இருந்த மாதிரி வைப்பதுதான் முறை என்று அதிகாரி பொறுமையாகச் சொன்னார்.

"பொறந்தப்ப இருந்த மாதிரியா நீங்க இருக்கிய?" என்று கேட்டுவிட்டேன். "அந்த ஒட்டு இல்லாட்டி இது மறுபடி பறந்திருக்காது. எங்க ஊருல பறந்ததும் இதோட கதைதானே?"

அவர் இறக்கைக்கு அடியில் குனிந்து வெகுநேரம் தையலையே பார்த்தார். பிறகு, "தச்சவங்க பேரு என்னம்மா?" என்றார். ஆமினா உம்மா என்று சொன்னேன்.

நேற்று அவரிடமிருந்து தகவல் வந்துவிட்டது. ஒட்டு அப்படியே இருக்கும். இற்றுப்போன இடத்தில் மட்டும் புதுத்துணி. பக்கத்துப் பலகையில் துரையின் பேரோடு உம்மாவின் பேரையும் எழுதுவார்களாம். துரையின் வாரிசு யாராவது வந்தால் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். வாப்பாவின் வாக்குக் கெடவில்லை. அந்நியர் காதில் தன் குரல்கூட விழாமல் வாழ்ந்த உம்மா இதற்குச் சம்மதிப்பார்களா என்றுதான் யோசித்தேன். இருந்திருந்தால் என்னை நன்றாக ஏசுவார்கள். ஏசிவிட்டு, பேரைப் பெரிய எழுத்தில் எழுதுவார்களா என்று மெதுவாகக் கேட்பார்கள். உன் சம்மதமும் வேண்டும் தம்பி.

மாதக் கடைசியில் லாரி வருகிறது. அதற்குள் ஒரு நடை வா. போன ஆடியில் உம்மா மவுத்தானபோது, விசா கிடைக்காமல் நீ தலைமன்னாரில் தவித்து நின்றது எங்களுக்குத் தெரியும். இங்கே உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உம்மாவும் சொல்லவில்லை. கடைசியாக என்னிடம், "தம்பிய அவசரப்பட்டுக் கிளம்ப வேணாம்னு சொல்லு. கடலு நல்லாயில்ல" என்றார்கள். இத்தனை நாள் இதை உனக்கு எழுத மனம் வரவில்லை.

இப்போது கடல் நன்றாக இருக்கிறது, தம்பி. அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக.

உன் வரவை எதிர்பார்க்கும்
லாத்தா
நூர் நிஷா