முப்பத்தோராவது மெயில்

அன்பு மகள் குட்டிமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உன் தம்பிக்கு ஷிப்ட் மாறிவிட்டது, ஒரே வீட்டில் இருந்தும் அவன் முகத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், ஒழுகல் நின்றது. மெயில் போடாமல் இந்த மனுஷன் ஏன் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். இரண்டு வாரமாக எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே கை கூசுகிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மேல்வீட்டு நர்ஸம்மாவை உனக்குத் தெரியும், கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய கம்ப்யூட்டர் கிழட்டுப் பெட்டி, ஆன் செய்தால் மிக்ஸி மாதிரி இரைச்சல் போடும். போன வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை படியிலேயே என்னை நிறுத்தி, ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் வந்திருக்கு சார், மெயில் திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாக்கறீங்களா என்றார். என் மகளிடம் பாடம் கேட்டவன் நான், அஞ்சு நிமிஷ வேலை சிஸ்டர் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நிஜமாகவே அஞ்சு நிமிஷத்தில் ரிப்போர்ட் திறந்துவிட்டது. அவர் டீ போட உள்ளே போனார். நான் எழுந்து வந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் ஒர்க் ஷாப்பில் இருந்த கை இது, பிரேக் பார்க்க வந்த வண்டியில் வேறு ஒரு நட்டு லூசாகத் தெரிந்தால் கேட்காமலே முடுக்கிவிடும். அவுட்பாக்ஸில் முப்பத்தொரு மெயில் போகாமல் நின்றது என் கண்ணில் பட்டது. எல்லாம் ஒரே ஆளுக்கு, அவருடைய தம்பிக்கு. பாவம், இரண்டு வருஷமாக எதுவுமே போகவில்லை, இவருக்குத் தெரியவும் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நம் வீட்டில் மெயில் போகாதபோது அனுப்புகிற செட்டிங்கில் ஒரு எண்ணை மாற்றச் சொன்னாயே, அதையே மாற்றி, எல்லாவற்றையும் அனுப்பு என்று அழுத்தினேன். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது என்று குறைந்துகொண்டே வந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்று மட்டும் போகாமல் நின்றது. ஏன் என்று பார்க்க அதைத் திறந்தேன். பெரிய படம் ஒன்றை இணைத்திருந்தார், அதுதான் காரணம். அத்தோடு மூடியிருக்கலாம். மூடவில்லை, படித்தேன். அதில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். காலடிச் சத்தம் கேட்டு மூடிவிட்டு, எல்லாம் போயிடுச்சு சிஸ்டர் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். டீயை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். திட்டவில்லை. போகாதுன்னு தெரிஞ்சுதான் சார் எழுதினேன் என்றார். கணவர் சாவுக்குக்கூட வராத தம்பி. போனில் பேசினால் சண்டை வந்துவிடும் என்று நல்ல வார்த்தை மட்டும் பேசிவிட்டு, ஆத்திரத்தையெல்லாம் இந்தப் பெட்டியில் கொட்டி வைத்திருக்கிறார். இருக்கிறது ஒரே தம்பி, இனி அவனும் இல்லை என்றார். எனக்கு அந்த டீயைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்னும் கூனிக் குறுகிப் போகிறேன்.

அன்று மாலைதான் உனக்குப் போன் செய்து, போன மெயிலைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாதுப்பா, ஏன் என்றாய். சும்மா என்றேன். அதன்பின் மாடியில் நாற்காலி நகர்ந்தாலும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டேன். குப்பை கொட்டக்கூட அவர் இறங்காத நேரம் பார்த்துப் போனேன். விஷயத்தைக் கேட்ட உன் அம்மா, கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலைன்னா பாக்கெட்டுல போட்டுக்கோங்க என்றாள்.

ஆறாம் நாள் நர்ஸம்மாவே கூப்பிட்டார். தம்பியிடமிருந்து பதில் வந்திருந்தது, திறக்க அவருக்குக் கை வரவில்லை. நீங்கதானே அனுப்பினீங்க, நீங்களே திறங்க என்றார். திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவரே சத்தமாகப் படித்தார். முப்பதும் படிச்சேன் அக்கா, பதினொண்ணாவதுல நீ எழுதினது மட்டும் பொய், நான் அப்படிச் சொல்லவே இல்ல, மத்ததெல்லாம் நிஜம், சனிக்கிழமை போன் பண்றேன், எடு. அவ்வளவுதான். அவர் சிரித்தாரா அழுதாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை மாடியில் இரண்டு மணி நேரம் சண்டை கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். போகாமல் நின்ற அந்த மெயிலில் என்னைப் பற்றி எழுதியிருந்தார். கீழ்வீட்டு மனுஷன் நல்லவர்தான், ஆனா மகளுக்குப் போன் பண்ணினா கம்ப்யூட்டர் சந்தேகம் மட்டும்தான் கேப்பார், குரல் மேல வரைக்கும் கேக்கும், ஒரு நாளாவது நீ எப்படி இருக்கேன்னு அந்தப் பொண்ணைக் கேட்டதை நான் கேட்டதில்ல, நீயும் அந்த மாதிரிதான் தம்பி என்று. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், அப்படிக் கேட்டதாக ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. அதை நான் படித்தேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இந்த வாரம் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதத்தின் ஆரம்பத்திலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். அது கேள்வியே இல்லை. அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்க்கட்டும் என்று.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று. அன்று போனில் நான் சும்மா என்றதும், நீ அப்புறம்ப்பா என்று ஏதோ ஆரம்பித்தாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். அப்புறம் என்னம்மா? எப்படி இருக்கிறாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா