நான் பெயர் வைக்க முடியாமல் அழித்த பதினெட்டு வரிகள்

தை பதினொன்று, காலை ஒன்பது இருபது. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அத்தனையும் நம் புரோகிராமில் ஒரே மெத்தட். நீ எழுதியது.

மன்னார்குடி ஆபீஸில் உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அதைத் திறந்து வைத்திருக்கிறேன். ஜன்னல் வழியாக வைக்கோல் தூசியும் டீசலும் கலந்த வாசனை வருகிறது. இந்த வாசனை வந்தாலே நீ தும்முவாய். தும்மிவிட்டு, "சீசன் வந்துடுச்சு மாப்ள" என்பாய். இன்று யாரும் தும்மவில்லை.

விவசாயிகள் அறுப்பு மிஷினுக்குப் பதிவு செய்யும் இணையதளத்தை நாம் இரண்டு பேரும்தான் எழுதினோம். ஒருவர் பதிவு செய்ததும் நிலத்தின் அளவு, வயலில் ஈரம், டயர் மிஷினா பெல்ட் மிஷினா, யாருடைய முறை, யாருக்கு மெசேஜ் என்று எல்லாவற்றையும் நீ ஒரே மெத்தடில் அடைத்திருந்தாய். அதற்கு நீ வைத்த பெயர் 'பிராசஸ்'. எதை என்று கேட்டால், எல்லாத்தையும்தான் என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மெத்தட் ஒரு வேலைதான் செய்ய வேண்டும், பெயரைப் படித்தாலே வேலை தெரிய வேண்டும் என்று கத்துவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாய்: "நீ பேரு வச்சுக்கிட்டு இரு. நான் புள்ளய வளக்குறேன்."

போன தை மாதம் உன் தங்கை நிக்காஹுக்கு நான்கு நாள் லீவு போட்டாய். அதுதான் சமயம் என்று நான் உன் மெத்தடை முப்பத்தொரு சின்ன மெத்தடாக உடைத்தேன். பதினெட்டு வரிகளுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. ஒருவர் தன் பதிவை நிறுத்திவைத்தால், அதே தெருவில் இருக்கும் மற்றவர்கள் பதிவும் அன்றைக்கு நிற்கும். அதனால் யாரும் தன் முறையை இழக்கவும் மாட்டார்கள். ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. பெயர் வைக்க முடியாதது தப்பாகத்தான் இருக்கும் என்று அழித்தேன். மாற்றிய கோடைச் சரிபார்க்கும் டெஸ்ட் எல்லாம் பாஸ். டெஸ்ட் எழுதியதும் நான்தானே.

மூன்றாம் நாள், நன்னிலம் தாண்டி ஒரு ஊரில், ஒரு வீட்டின் பதிவு நின்றும் மற்றவை நிற்காமல், பிணம் கிடந்த தெருவுக்குள் நம் மிஷின் போய் நின்றது. எடுக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் அறுப்புக்கு இறங்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? நான் பிறந்த தெருவிலும் அதுதான் வழக்கம். கோடில் பார்த்தபோது தெரியவில்லை. மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீ கல்யாண வீட்டிலிருந்து நேராக அங்கே போய், தப்பு எங்களுடையது என்று நின்றாயாம். என் பெயரைச் சொல்லவே இல்லையாம். டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து பழைய மெத்தடையே முழுசாகப் போட்டாய். பதினெட்டு வரியை மட்டும் சேர்த்திருக்கலாமே, முப்பத்தொன்றையும் ஏன் தூக்கினாய் என்று நான் எகிறினேன்.

"பதினெட்டு போனது இப்பத்தான்டா தெரியுது. வேற என்னென்ன போச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினோம், இதைத் தவிர எல்லாவற்றையும். புரட்டாசியில், குறுவை அறுப்பு நடக்கும்போது, மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

அன்று ஆபீஸில் போன் எடுக்கும் செல்வி அக்கா மட்டும்தான் இருந்தார். உன் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு, இன்றைக்கு எனக்கு மிஷின் வேண்டாம் என்றிருக்கிறார். மறுநாள் அக்கா என்னிடம் சொன்னார்: "நான் ஒரு பதிவத்தான் தம்பி நிறுத்துனேன். மத்த ஒம்பதும் தானா நின்னுருச்சு."

உன் தெரு முழுக்க உனக்காக நின்றது. நிறுத்தியது நீ எழுதிய வரிகள். நான் அழித்தது அழிந்தபடியே இருந்திருந்தால், உன் வாசலிலும் மிஷின் வந்து நின்றிருக்கும்.

இப்போது உன் மெத்தட் சில ஊர்களில் ஒரே மிஷினை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறது. அடுத்த வாரம் சம்பா அறுப்பு உச்சம். புதிதாகச் சேர்ந்த பெண் இந்த நானூற்றுப் பன்னிரண்டு வரிக்குள் பிழையைத் தேடி அலைகிறாள். நேற்று அவள் ஏதோ கேட்க, அவன்கிட்ட கேளு என்று உன் நாற்காலியைக் காட்டிவிட்டேன். உடைத்தே ஆகவேண்டும்டா. கைதான் வரமாட்டேன் என்கிறது. வரிக்கு வரி உன் எழுத்துப் பிழை. எழுதும்போது நீ என்ன பாட்டு முணுமுணுத்தாய் என்பதுகூட சில இடங்களில் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனி செய்யப்போவது:

1. வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு வரியும் இன்று என்ன செய்கிறதோ அதற்கு டெஸ்ட். முதல் டெஸ்ட் தெருவில் சாவு விழுந்த நாளுக்கு.

2. பெயர் வைக்க முடியாத வரி வந்தால் அழிக்க மாட்டேன். செல்வி அக்காவிடமும் டிரைவர்களிடமும் கேட்பேன்.

3. அந்தப் பதினெட்டு வரியும் தனி மெத்தட். பெயர்: துக்கநாளில் தெருவை நிறுத்து.

4. ஞாயிற்றுக்கிழமை நன்னிலம் தாண்டி, சாவு விழுந்த அந்த வீட்டுக்குப் போய், அன்றைக்குத் தப்பு செய்தது அவன் இல்லை, நான் என்று சொல்வேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.