ஐம்பதில் அடங்காத வீடு

மார்ச் 2
புகைப்படச் சங்கச் செயலாளர் இன்று என் ஜூம் லென்ஸை ஐம்பது மில்லிமீட்டரில் நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டார். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் இதே கதிதான். மூன்று மாதம் பிரிக்கக் கூடாது. "மனுஷக் கண்ணு பாக்கிற அளவு ஐம்பதுதாம்மா. பத்தலைன்னா பின்னாடி நட." சரி, நடக்கிறேன்.

மார்ச் 5
எங்கே நடப்பது? முன்னறையில் இரண்டு எட்டு பின்னால் வைத்தால் முதுகில் கதவு இடிக்கிறது.

மார்ச் 8
தங்கைக்கு விசா வந்துவிட்டது. இருபதாம் தேதி கிளம்புகிறாள். கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மாவும் அப்பாவும் ஒரே படத்துல இருக்கணும்க்கா. தனித்தனியா எடுத்து ஒட்டிக் குடுத்தே, கிழிச்சுப் போட்டுடுவேன்."

லேசாகச் சொல்லிவிட்டாள். அப்பா யாரையும் கேட்காமல் வேலையை விட்டு நான்கு மாதம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அம்மா சோபாவின் ஓரம், அப்பா ஜன்னலோர நாற்காலி. நடுவில் தூது போவது நாங்கள்.

மார்ச் 11
சேர்ந்து உட்காரச் சொன்னேன். அம்மா, "அவரை வேணா எடு." அப்பா, "உங்கம்மாவை எடு, படத்துல நல்லா விழுவா."

ஐம்பதில் ஒருவர் வந்தால் மற்றவர் இல்லை. ஆஸ்பத்திரியில் தினம் நாற்பது பேருக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன். சொந்த வீட்டில் இரண்டு பேரை ஒரு படத்தில் அடக்கத் துப்பில்லை. அழுகையாக வந்தது.

மார்ச் 14
செயலாளரின் கேமராவை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ஐம்பதுதான், ஆனால் எவ்வளவோ அகலமாகத் தெரிகிறது! அவருடையதில் படம் பதிகிற சென்சார் பெரிது. என் சின்ன சென்சாரில் அதே ஐம்பது, எழுபத்தைந்து மாதிரி நறுக்கிவிடுகிறது. கேட்டால், "எல்லாருக்கும் ஒரே ரூல்மா" என்கிறார்.

உங்க ரூலும் நீங்களும்! உங்க வீட்டு ஹால்ல ஓடிப் பிடிச்சு விளையாடலாம் சார். எங்க வீட்ல திரும்பிப் படுக்க இடமில்ல — நேரில் சொல்லவில்லை. பஸ்ஸிலேயே டேப்பைப் பிய்த்தேன்.

மார்ச் 15
பதினெட்டில் அறை முழுக்க வருகிறது, ஆனால் அப்பாவின் கால் தலையைவிடப் பெரிது. முப்பத்தைந்தில் அம்மாவுக்குத் தோள் போய்விட்டது. இருபத்துநான்கு — இரண்டு பேரும், அவரவர் அளவில்! அதிலேயே புது டேப் ஒட்டினேன். என் டேப்.

மார்ச் 18
சாயங்காலம். கதவில் முதுகை ஒட்டி நின்றேன். யாரையும் நகரச் சொல்லவில்லை. பெட்டி மூடாததால் தங்கை அதன் மேல் ஏறிக் குதித்தாள். ஒரே நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். அழுத்திவிட்டேன்.

மார்ச் 20
போய்விட்டாள். படம் அவள் பெட்டியில்.

மார்ச் 22
செயலாளரிடம் காட்டினேன். "ரூலை மீறிட்டியே, சங்கத்துச் சுவத்துல மாட்ட முடியாதும்மா."
"வேணாம் சார். எங்க வீட்டுச் சுவர் சும்மாதான் இருக்கு."
இந்தத் தடவை நேரிலேயே சொன்னேன்.

மார்ச் 24
காலையில் அம்மா ரகசியமாக, "எனக்கொண்ணு போட்டுக் குடேன்." மாலையில் அப்பா, அதைவிட ரகசியமாக.

ஆளுக்கொன்று தர மாட்டேன். இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் பிரிண்ட் போட்டேன். சோபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டினேன்.

"கோணலா இருக்குன்னு உங்கப்பாகிட்ட..." என்று என்னிடம் ஆரம்பித்த அம்மா, பாதியில் நிறுத்தி அவர் பக்கமே திரும்பினாள்.

"ஏங்க, கோணலாவா இருக்கு?"

அப்பா எழுந்து வந்து பார்த்தார்.