ஒன்பதாவது ஃபாரத்துப் பெண்

மார்ச் 4, திங்கள்

மணி ஆறு. என் மூத்த பெண், பெரியவள், போன் பண்ணுகிற நேரம். அவள் போய்ச் சேர்ந்து ஐம்பத்திரண்டு நாள் ஆயிற்று. ஆறு மணியானால் கை இன்னும் போனைத் தேடுகிறது. கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாதென்று, அச்சகத்தில் வெட்டிப் போட்ட தாள்களை நோட்டாகத் தைத்துக்கொண்டு வந்தேன். எட்டாவது படித்தவளுக்கு இதெல்லாம் அதிகம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

புது வேலை வந்திருக்கிறது. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்கார நாவலாம், தமிழில் மறுபடி போடுகிறார்கள். மொத்தம் பதினாலு ஃபாரம். ஃபாரம் என்றால் பதினாறு பக்கம் அச்சான ஒரு பெரிய தாள். மூன்று மடிப்பு மடித்துக் குச்சியால் தேய்த்து அடுக்க வேண்டும். எனக்கு வந்தது ஒன்பதாவது. நாள் முழுக்க அதே தாள், அதே மடிப்பு.

நல்லது. யோசிக்க வேண்டாம்.

மார்ச் 5, செவ்வாய்

அண்ணன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குழந்தைக்குத் தாய் வேணும். வெளியிலேர்ந்து ஒருத்தி வந்தா நம்ம குட்டியை என்ன பாடு படுத்துவாளோ. உன் சின்னவ இருக்கா, மாப்பிள்ளைக்கு அவளையே கட்டிடலாம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பெரியவள் போன அன்றைக்குத்தான் குட்டி பிறந்தாள். சம்பந்தியம்மா வீட்டில் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்குப் பார்க்கக் கிடைக்கிறது. அவர்களும் சின்னவளைத்தான் கேட்கிறார்களாம். இல்லையென்றால் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் வந்திருக்குண்ணே. ஏப்ரல் பதினஞ்சு சேரணும்."

"படிப்பு எங்க போயிடும்? ஞாயித்துக்கிழமை போய்ப் பேசி முடிச்சிடலாம்."

தலையை ஆட்டிவிட்டேன்.

மார்ச் 6, புதன்

ஏன் ஆட்டினேன்?

மார்ச் 7, வியாழன்

இந்தத் தாளைப் படிக்கக் கூடாதென்றுதான் இருந்தேன். மூன்று நாளாக அதே பக்கம் முகத்துக்கு நேராக வந்தால் என்ன செய்வது? தாளை விரித்தால் பாதிப் பக்கம் தலைகீழாக நிற்கும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். ஒரு வீடு, இரண்டு பெண்கள். மூத்தவள் செத்துப்போகிறாள். வீடு அவள் புருஷன் பேரில். இளையவளை அவனுக்குக் கட்டிவைத்தால்தான் தாய்க்கு அந்த வீட்டில் இடம். நூற்று முப்பத்தேழாம் பக்கத்தில் அந்தத் தாய், செத்தவளின் கறுப்புக் கவுனை எடுத்து, இடுப்பில் இரண்டு விரல் பிடித்து இளையவளுக்குத் தைக்கிறாள்.

அதோடு என் தாள் முடியவில்லை, இன்னும் ஏழு பக்கம் இருக்கிறது. எனக்கு அங்கேயே நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு துண்டாகக் கதையைச் சேர்த்தோம். முதல் ஃபாரம் ரேடியோவுக்கு. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்.

"முன்னுரையில போட்டிருக்குடி. எழுதினது பொம்பளையாம். ஆம்பளைப் பேரை வச்சுக்கிட்டு எழுதியிருக்கா."

"ஏன், அவ சொந்தப் பேரு நல்லா இல்லையா?"

"பேரு நல்லாத்தான் இருந்திருக்கும். புருஷன் நல்லா இருந்திருக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பத்தைந்து நாளில் முதல் தடவை. உடனே யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கடைசி ஃபாரம் கண்ணாடி அக்காவிடம். அவர் யாரோடும் ஒட்டமாட்டார், தன் அடுக்கை யாரையும் தொட விடமாட்டார். "முடிவு என்னக்கா?" என்று ரேடியோ கேட்டதற்கு, "மடிப்பைப் பாரு. உன் தாள்ல கோணல் விழுது" என்றார்.

மார்ச் 8, வெள்ளி

சம்பந்தியம்மா ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். பெரியவளின் துணிகள். சின்னவளுக்கு ஆகுமாம்.

பையைப் பிரித்ததும் அவள் வாசனை. முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. அப்புறம் ஒரு சட்டையை எடுத்தேன். இடுப்பு கொஞ்சம் பெரிசு, பிடித்தால் சரியாகும் என்று ஊசியில் நூலும் கோத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, இதைத்தானேடி நாலு நாளா மடிச்சுக்கிட்டு இருக்க?

வாசலில் சின்னவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் கையை விட்டு அக்காவின் செருப்பை எடுத்துத் தன் காலோடு வைத்துக் காட்டினாள். குதிகால் ஒரு விரல் வெளியே.

"பத்து வயசுலயே எனக்கு அக்கா செருப்பு பத்தாதும்மா. மறந்துட்டியா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஆனால் குட்டி? குட்டிக்குப் பெரியவளின் காதுமடல். அப்படியே. அதைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன்?

மார்ச் 9, சனி

சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் கண்ணாடி அக்கா தனியாக இருந்தார். கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணு கடைசியில என்னக்கா ஆகுறா?"

என்னையே பார்த்தார். ரேடியோ என் வீட்டுக் கதையை எல்லா மேசைக்கும் ஒலிபரப்பியிருப்பாள், தெரியும்.

"போயிடுறா" என்றார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் ரயில் ஏறிப் போயிடுறா. வேற ஊர்ல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறா."

"தனியாவா போறா?"

"ஸ்டேஷன் வரைக்கும் அவ அம்மா வர்றா. பெட்டியைத் தூக்கிட்டு வர்றதே அம்மாதான்."

கவுன் தைத்தவளா? அவளேவா?

மார்ச் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சம்பந்தியம்மா வீட்டு முன்னறை. குட்டி என் மடியில். அண்ணன், "தேதி பாத்துடலாம்" என்றார்.

"வேண்டாம்ணே" என்றேன். சத்தமே வரவில்லை. மறுபடி சொன்னேன்.

"அன்னைக்குத் தலையாட்டினியே?"

"ஆட்டினேன். தப்பு."

"யாரைக் கேட்டு மாத்துற?"

"சின்னவ படிக்கப் போறா. பெட்டியை நானே தூக்கிட்டுப் போய் ரயில் ஏத்துவேன்."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? என் வாய்தானா அது?

சம்பந்தியம்மா எழுந்து வந்தார். குட்டி என் விரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "பொண்ணு இல்லைன்னா பேத்தியும் இல்ல. கிளம்புங்க."

மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அண்ணன் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். தெருமுனையில், "இனி எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றார்.

மார்ச் 11, திங்கள்

தப்பு பண்ணிட்டேனா? பெரியவளே, உன் பிள்ளையைத் தொலைச்சுட்டேனா?

மார்ச் 20, புதன்

புத்தகம் தைத்து, வெட்டி, அட்டை போட்டு வந்துவிட்டது. ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்த ஸ்டேஷனையும் பெட்டி தூக்கின அம்மாவையும் ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான்.

ஸ்டேஷனே இல்லை.

அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணம். மூன்றாம் வருஷம் பிரசவத்தில் போய்விடுகிறாள். அக்காவுக்குப் பக்கத்திலேயே புதைக்கிறார்கள். மழை பெய்கிறது. முற்றும்.

மார்ச் 21, வியாழன்

"பொய் சொன்னியேக்கா" என்றேன் கண்ணாடி அக்காவிடம்.

"ஆமா."

"ஏன்?"

"இருந்ததைச் சொல்லியிருந்தா, ஞாயித்துக்கிழமை நீ என்ன சொல்லியிருப்ப?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகத் தெரியவில்லை.

"எழுதினவ பொம்பளைதானே? அவளை ஏன் வெளிய விடல?"

"விட்டிருந்தா அச்சடிச்சிருக்க மாட்டாங்களோ என்னமோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். "என் கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு யாரும் ஒரு பொய்கூடச் சொல்லல" என்றார்.

அப்புறம், "உன் அடுக்கு சாயுது பாரு" என்று அதட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 31, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. குட்டியைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

மதியம் காவலாளி வந்து கூப்பிட்டார். வாசலில் மாப்பிள்ளை, தோளில் குட்டி.

"அம்மாவுக்குத் தெரியாது அத்தை. அரை மணி நேரம்தான்."

மடிப்பு மேசையில் பெண்கள் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொண்டார்கள். ரேடியோ பேசாமல் இருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். மாப்பிள்ளை சுவரோரம் நின்றார்.

"அன்னைக்கு நானே வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அவ நினைப்போட இன்னொருத்தியை எப்படி அத்தை... வாய் வரல."

சாப்பிடச் சொன்னேன். என் டப்பாவிலிருந்து பாதி சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்றிருக்கிறார். வருவாரா, தெரியாது. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அதுவும் தெரியாது.

ஏப்ரல் 16, செவ்வாய்

நேற்று விடியற்காலை ஸ்டேஷன். பெட்டியைச் சின்னவள் தூக்க வந்தாள், தரவில்லை. கனம்தான். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். "விடும்மா, பிடிவாதம்" என்று திட்டிக்கொண்டே கூட வந்தாள். புதுச் செருப்பு, அவள் அளவு.

தோள்பட்டை இன்றைக்கும் வலிக்கிறது. அண்ணன் வரவில்லை. போன சனிக்கிழமை மாப்பிள்ளையும் வரவில்லை. நாளை மறுநாள் வேறு ஏதோ புத்தகம் வருகிறதாம், கணக்குப் பாடமோ என்னமோ. அதுவே போதும்.

மணி ஆறாகப் போகிறது. இந்த நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள் இருக்கிறது. இன்றைக்கு எழுத நினைத்தது அந்தப் பெட்டியைப் பற்றி

போன் அடிக்கிறது.