பதினொரு விநாடிக்கு ஒரு டிக்

மார்ச் 3

முதலாளி பொய்யர். எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பாட வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "அது உங்க பல் செட் சத்தம்மா. மெஷின்ல ஒண்ணுமில்ல."

அந்த அம்மா தையல் ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவர். பதினேழாம் தேதி தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்புவது சந்தேகமாம். மகளுக்காக ஏழு பாட்டுகளைப் பதிந்து வைக்க வந்திருக்கிறார். பாட்டு நெடுக 'டிக்', 'டிக்'. காரில் வந்து இறங்குகிறவராக இருந்தால் முதலாளி பல்லைக் குறை சொல்வாரா?

பதிந்ததை அழிக்கச் சொன்னார் முதலாளி. அழித்தேன்.

மார்ச் 4

கோளாறு கேபிளில்தான். ஒரு பெட்டி மைக்கில் வரும் குரலை எண்களாக்குகிறது. இன்னொன்று அந்த எண்களைப் பதிகிறது. முதல் பெட்டி தாளம் போட, இரண்டாவது அதைப் பின்பற்ற வேண்டும். தாளத்தைக் கொண்டுபோக எழுபத்தைந்து ஓம் கேபிள் வேண்டும். இங்கே இருப்பது பழைய வயர்லெஸ் செட்டிலிருந்து கழற்றிய ஐம்பது ஓம்.

முதலாளியிடம் சொன்னேன்: "அண்ணே, இது தப்பான கேபிள்."

"முனை பொருந்துதுல்ல? அப்புறமென்ன? ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணலாம்!"

மார்ச் 6

இன்று அந்த அம்மா பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு ஏழு பாட்டையும் பாடினார். 'ச' வரும் இடமெல்லாம் வெறும் காற்று. டிக் மட்டும் தவறாமல் வந்தது.

"இன்னும் கேக்குதா தம்பி?"

"இல்லம்மா."

நானும் பொய்யன்.

மார்ச் 7

அக்கா போனில் இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இந்தப் பதிவறையில் இருமினால் இருமல்கூடத் திரும்பி வராது.

மார்ச் 9

சரியான கேபிளை நானே வாங்கி வந்து மாட்டினேன். டிக் போகவில்லை.

மார்ச் 10

இன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு விநாடிக்கு ஒன்று, அச்சுப் பிசகாமல். கேபிள் கோளாறு என்றால் நினைத்தபோது வரும், இப்படி முறைவைத்து வராது. இரண்டு பெட்டியும் தனித்தனித் தாளத்தில் ஓடினால்தான் இப்படி — ஒன்று மெல்ல முந்தும், ஓர் எண் தவறி விழும், அதுதான் டிக்.

பதியும் பெட்டியின் திரையைப் பார்த்தேன். 'சொந்தக் கடிகாரம்' என்றிருந்தது; அதாவது, தன் தாளத்திலேயே ஓடும். போன மாதம் தனியாகச் சோதித்தபோது அப்படி மாற்றியது நான். திருப்பி வைக்க மறந்ததும் நான். எந்தக் கேபிளைச் செருகினாலும் அது காது கொடுத்திருக்காது.

முதலாளி மேலிருந்த ஆத்திரத்தில் பதினொன்று வரை எண்ணத் தோணலையே. ஏன்டா?

மாற்றினேன். டிக் நின்றது. உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"ஆபரேஷன முன்னாடியே வச்சுட்டாங்க. நேத்தே முடிஞ்சுது."

மார்ச் 11

முதலாளியிடம் சொன்னேன். "பல்லுன்னே இருக்கட்டும். வெளிய சொல்லித் தொலைக்காத" என்றார்.

மார்ச் 14

ஆறாம் தேதிப் பதிவிலிருந்து டிக்குகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். நூற்று நாற்பத்தாறு. 'ச'வை எங்கிருந்து எடுத்து ஒட்டுவது?

மார்ச் 15

மருத்துவமனை. அந்த அம்மாவின் கழுத்தில் கட்டு. பல் செட் தம்ளர் தண்ணீரில் கிடந்தது. ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடி ஏழு பாட்டையும் கேட்டார். பிறகு தம்ளரைப் பார்த்தார்.

"பல்லு இல்லம்மா. தப்பு என்னோடது. நீங்க அதைக் கழட்டியிருக்கவே வேணாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டுங்கம்மா. ஒரு வார்த்தையாவது திட்டுங்க."