மெலாத்தி விழுந்ததை நாங்களும் பார்த்தோம்

எம்.கே.பி. நகர்,
சென்னை.
ஆகஸ்ட் 2009

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுதான் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. நீ சுகமா என்று எழுதவே கை தயங்குகிறது. போன் போட்டால் உன்னோடு தங்கியிருக்கும் மகிமாதான் எடுக்கிறாள், நீ யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்காவின் தம்பி சரக்கு எடுக்க நாளைக்கு மலேசியா கிளம்புகிறார், ஜொகூர் வந்து உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த விலங்குப் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கிக் கொட்டடிதான் உன் பொறுப்பு என்று நீ முதலில் சொன்னபோது, விலங்கியல் படித்த பெண் சாணி அள்ளவா கடல் தாண்டிப் போனாள் என்று அம்மா அழுதாள். பிறகு மெலாத்தியின் கதையைச் சொன்னாய். அந்த ஊர்ப் பேச்சில் மெலாத்தி என்றால் மல்லிகை என்றாய். ஹாலந்தில் பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கூரை வெட்டிய கண்டெய்னரில் நிற்கவைத்துக் கப்பலில் அனுப்பினார்கள், வழியில் அலை தூக்கிப்போட்டதில் முன்னங்கால் கோணிப்போயிற்று என்றாய். துறைமுகத்தில் பாதி ஆயுசு கண்டெய்னர் கட்டியவன் நான். சரக்கு அசையக்கூடாது என்றுதான் நாங்கள் சங்கிலி போட்டு இறுக்குவோம், ஒரு உயிரை எப்படி இறுக்கியிருப்பார்கள் என்று அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு.

அது சினையானதும் உங்கள் முதலாளி கொட்டடியில் கேமரா மாட்டி இண்டர்நெட்டில் விட்டாரே, அதன் பிறகு இங்கே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து நம் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஞானசெல்வி ஒருநாள் ஓடிவந்து, அண்ணே உங்க மக டிவி மாதிரி கம்ப்யூட்டர்ல வாரா, சீக்கிரம் வாங்க என்றாள். போய்ப் பார்த்தால் நீ துடைப்பத்தோடு நிற்கிறாய். உலகத்து ஜனமெல்லாம் மெலாத்தியைப் பார்க்க வந்தது, நாங்கள் உன்னைப் பார்க்கப் போனோம். சத்தமும் கேட்டது. இன்னாமே மல்லி, துன்னியா இல்லியா, அடம் புடிக்காதமே என்று நீ அதட்ட, அது கழுத்தை வளைத்து உன் தோளில் மோவாயை வைத்தது. நம்ப வூட்டுப் பேச்சு அதுக்குப் புரிதுய்யா பாரேன் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து தினமும் சமையலை முடித்துவிட்டு அங்கேதான் போவாள்.

குட்டி போட்ட அன்றைக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை. அது நின்றபடியே ஈனும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து குட்டி தலைகீழாகத் தரையில் விழுந்ததும், ஐயோ பூட்ச்சே என்று அம்மா போட்ட கத்தலில் ஞானசெல்வி எழுந்தே நின்றுவிட்டாள். நீயோ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கொஞ்ச நேரத்தில் குட்டி ஈரக் காலை உதறி எழுந்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. அப்புறம் என்ன, உன் பேர் தெரியாதவர்கள்கூட படத்துக்குக் கீழே நீலச்சட்டைப் பெண் என்று எழுதினார்கள். குட்டிக்குப் பேர் வைக்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கோணல் காலைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதவில்லை என்று ஞானசெல்வி சொன்னாள். பாரம் தாங்காமல் அது காலை மாற்றி மாற்றி ஊன்றியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று காலை நானும் அம்மாவும் போய் உட்கார்ந்தபோது மெலாத்தி சுவரில் சாய்ந்து நின்றது. கண்ணெதிரே முன்னங்கால் மடங்கி, அந்த நீளக் கழுத்து அப்படியே சரிந்து விழுந்தது. ஒரு சுவர் இடிந்ததுபோல இருந்தது குழலி. அத்தனை பெரிய உயிர் விழும் என்று நான் நினைத்ததே இல்லை. நீ ஓடிவந்து தலையை மடியில் தாங்கிக்கொண்டாய். எழுந்துருமே, எழுந்துருமே என்று நீ கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டர் வந்தார், உன் கையில் மருந்தைக் கொடுத்து அதன் வாயில் ஊற்றச் சொன்னார், ஊற்றினாய். கொஞ்ச நேரத்தில் அதன் காது ஆட்டம் நின்றது. திரை கறுத்துப்போயிற்று. அம்மா அந்தக் கறுப்புத் திரையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், எழுப்பவே முடியவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மறுநாள். படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை ஞானசெல்வி வாசிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். வேண்டாம் அண்ணே, இதுக்கு மேல என் வாயால வாசிக்க மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கொலைகாரி, விஷம் கொடுத்தவள், இவளை நாட்டை விட்டுத் துரத்துங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நேற்றுவரை உனக்கு முத்தம் அனுப்பிய அதே ஆட்கள். ஒருத்தன் உன் முகத்தில் கோடு கிழித்துப் போட்டிருக்கிறான். துறைமுகத்தில் எத்தனையோ சண்டை பார்த்தவன் நான், எதிரே நிற்பவன் முகம் தெரியும். இதில் யாரைப் போய்க் கேட்பது? அம்மா சொல்லச் சொல்ல ஞானசெல்வி இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். நான் அவளப் பெத்தவ, எங் கண்ணால பாத்தேன், டாக்டர் குட்ததத்தான் அவ குட்தா என்று. அதற்கும் திட்டினார்கள். போலந்திலிருந்து ஒரு அம்மாள் மட்டும், படுக்கையில் கிடந்த எனக்கு உங்கள் மகள் குரல்தான் துணை, அவள் அதனிடம் என்னதான் பேசினாள் என்று கேட்டிருந்தாள். சாப்பிடச் சொன்னாள் என்று அம்மா பதில் போடச் சொன்னாள்.

கோணிப்போன காலில் எலும்பு முறிந்ததுதான் காரணம், வலிக்கு மருந்து கொடுக்கச் சொன்னது நான்தான் என்று டாக்டரே எழுதிவிட்டாராம். அதைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். பேச்சு அடங்கும்வரை கொட்டடிப் பக்கம் வராதே என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நீயும் அறையில் முடங்கிவிட்டாய் என்று மகிமா சொன்னாள். ஊருக்கு வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எப்போது வந்தாலும் இது உன் வீடு, அதில் மாற்றமில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். கேமராவைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். நேற்றும் இன்றும் போய்ப் பார்த்தோம். குட்டி தனியாக நிற்கிறது. புதிதாக ஒரு ஆள் பால் புட்டியைக் கொண்டுவருகிறார், நல்ல மனுஷன்தான், தடவிக் கொடுக்கிறார், அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. விலாவில் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. உனக்கு வருத்தமாகும் என்று மகிமா சொல்லாமல் இருக்கலாம். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிகிறது, பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் உனக்குத் தெரியவில்லையே என்றுதான் எழுதுகிறேன். முதலாளியிடம் போய்க் கேள். கேமராவை நிறுத்திவிட்டாவது என்னை உள்ளே விடுங்கள் என்று சொல். உன்னைப் பார்க்க முடியாமல் போனால் பரவாயில்லை, நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. முதுகுவலிக்கு அம்மா தைலம் கொடுத்தனுப்புகிறாள், மறக்காமல் தேய்த்துக்கொள். புத்தர் கருணையில் நீ நல்லா இருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: எவன் எவன் இன்னா எழுதிக்கிறான்னு அந்தக் குட்டிக்குப் படிக்கத் தெரியாதுடி, நீ போ.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. லோகநாதன்